சின்ன விமானத்தின் பேட்டரியை எப்போதும் சார்ஜரிலேயே மாட்டி வைக்கலாமா?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏ.எம்.இ., அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பை முடித்துவிட்டு, வெளியூரில் ஒரு சின்ன பயிற்சிப் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாராம். அங்கே இரண்டு செஸ்னா 152, இரண்டு பேர் உட்காருகிற சின்னப் பயிற்சி விமானம். மழைக்காலத்தில் இரண்டு மாதம் பறக்காமல் ஹேங்கரிலேயே நிற்குமாம். போன வருஷம் இரண்டுக்குமே பேட்டரி டவுன். "சுவரில் செருகுற மாதிரி ஒரு சார்ஜர் வாங்கி மாட்டி விட்டுடுப்பா, பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்கிறார் முதலாளி. அப்படி மாட்டியே வைக்கலாமா, எந்த மாதிரி சார்ஜர் வாங்குவது, நம் ஊர் லாரி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற 24 வோல்ட் சார்ஜர் போதாதா என்று மூன்று கேள்வி.

மாட்டி வைக்கலாம். ஆனால் அதற்கென்று செய்த சார்ஜராக இருக்கணும். லாரி சார்ஜர் கூடவே கூடாது. அவர் கேட்காத நாலாவது விஷயம் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். போகப் போகச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருக்கிற ஊர் என்று பேப்பரில் அடிக்கடி படம் போடுவார்களே, அதே ஊர். நான் ஏர்ஃபோர்ஸில் 20 வருஷம் எலெக்ட்ரிக்கல் வேலை. அதில் பாதி பேட்டரி ரூமில். இப்போது வேலூரில் இன்வெர்ட்டர், பேட்டரி கடை. விமானம் பக்கம் போவதெல்லாம், பழைய சிநேகிதர்கள் யாராவது கூப்பிட்டால்தான். அப்துல்லாபுரம் ஓடுபாதையில் என்றைக்குத்தான் விமானம் இறங்கப் போகிறது என்று எல்லாரையும் போல நானும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகிறவன்தான்.

முதலில் பேட்டரி ஏன் படுத்தது என்று பார்ப்போம். விமானத்தின் மொத்தக் கரண்டையும் துண்டிக்கிற மாஸ்டர் ஸ்விட்சை அணைத்தாகிவிட்டது, அப்புறம் எது கரண்டைத் தின்னும் என்று தோன்றும். செஸ்னா 152-இல் கடிகாரத்துக்குப் போகிற ஒயர் மாஸ்டருக்கு முன்னாடியே, பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வழியாகக் கிளம்புகிறது. மாஸ்டரை அணைத்தாலும் கடிகாரம் ஓடும். கடிகாரமும், பின்னால் யாராவது சேர்த்து வைத்த ஏதோ ஒரு மெமரி ஒயரும் சேர்ந்து 10 மில்லிஆம்ப் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரு நாளைக்கு 0.24 ஆம்ப்-ஹவர் (ஓர் ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்ப்-ஹவர்). 60 நாளைக்கு 14.4. செஸ்னா 152-இன் சாதாரண பேட்டரியே 24 வோல்ட், 14 ஆம்ப்-ஹவர். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. முதலாளியிடம் இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுங்க.

இது போக பேட்டரி தானாகவே உள்ளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அந்த இறக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் பிளேட் மேல் லெட் சல்ஃபேட் படியும். புதுசாகப் படிந்தது சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் கிடந்தது கெட்டியாகி உட்கார்ந்துகொள்ளும். பிறகு என்ன சார்ஜ் போட்டாலும் அந்த இடம் வேலைக்கு ஆகாது. நிறுத்தி வைக்கிற வண்டிக்கு மெயின்டெய்னர், அதாவது மாட்டியே வைப்பதற்கென்று செய்த சார்ஜர் கேட்பது இதற்காகத்தான். பேட்டரியை ஒரு நாள்கூட இறங்கிய நிலையில் விடக்கூடாது.

சரி, எந்த சார்ஜர்? கடையில் ட்ரிக்கிள் சார்ஜர் என்று ஒன்றைக் கொடுப்பார்கள், விலையும் கம்மி. உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ரெக்டிஃபையர், அவ்வளவுதான். அதற்கு மூளை கிடையாது. பேட்டரி நிறைந்துவிட்டதா இல்லையா என்று பார்க்காமல் ஒரே மாதிரி கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நிறைந்த குடத்தில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. குடமாக இருந்தால் தண்ணீர் வெளியே வழியும். பேட்டரிக்குள் இருக்கிற தண்ணீரோ ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து ஆவியாகப் போய்விடும். பிளேட்டும் அரிக்கும்.

மெயின்டெய்னர் என்பது வேறு. முதலில் ஏற்றும். 24 வோல்ட் பேட்டரியில் 28-ஐத் தாண்டிக் கொண்டுபோய், நிறைந்ததும் தானே 26.4-லிருந்து 27 வோல்டுக்குள் இறங்கி நிற்கும். அந்த இடத்தில் பேட்டரி தானாக இழப்பது எவ்வளவோ அவ்வளவு மட்டும் கொடுக்கும். சரியான எண் எது என்பது பேட்டரிக்குப் பேட்டரி மாறும். ஆசிட் ஊற்றுகிற பழைய வகைக்கு ஒன்று, ஆசிட் கண்ணாடி நார்ப் பஞ்சில் ஊறிக் கிடக்கிற, மூடியே இல்லாத ஏ.ஜி.எம். வகைக்கு ஒன்று. பேட்டரியோடு வருகிற பராமரிப்புப் புத்தகத்தில் அந்த எண் அச்சடித்திருக்கும். சார்ஜர் அட்டைப்பெட்டி மேல் போட்டிருப்பதை நம்பாமல் அந்த எண்ணை வைத்து வாங்குங்க. பேட்டரிமைண்டர் மாதிரி சில கம்பெனிகள் விமான பேட்டரிக்கென்றே தனி மாடல் போடுகின்றன. விலை கொஞ்சம் கடிக்கும். ஆனால் புது விமான பேட்டரி ஒன்றின் விலை எவ்வளவு என்று முதலாளிக்கே தெரியும்.

லாரி சார்ஜர் விஷயத்துக்கு வருகிறேன். பைபாஸ் ஓரத்து ஒர்க்‌ஷாப்பில் சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்களே, அதுவும் 24 வோல்ட், உங்க பேட்டரியும் 24 வோல்ட். ஒற்றுமை அதோடு சரி. லாரி பேட்டரி 100 ஆம்ப்-ஹவருக்கு மேல் இருக்கும், 20 ஆம்ப் தள்ளினால் தாங்கும். உங்களுடையது 14. ஆசிட் பேட்டரிக்கு அதன் ஆம்ப்-ஹவரில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஆம்ப். ஒரு தடவை தெற்கே ஒரு பறக்கும் கிளப்பில் இப்படி லாரி சார்ஜரை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய், அப்படியே மறந்து வீட்டுக்கும் போய்விட்டார்கள். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். பேட்டரிப் பெட்டி மூடியைத் தூக்கினேன். மூக்கைச் சுடுகிற மாதிரி அழுகின முட்டை நாற்றம். பேட்டரியின் இரண்டு பக்கமும் கன்னம் வைத்த மாதிரி உப்பிப் போய், பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே முடியவில்லை. அடியில் ஆசிட் வழிந்து அலுமினியத் தட்டு வெள்ளை மாவாகப் பூத்திருந்தது. சமையலறையிலிருந்து ஆப்ப சோடா ஒரு பொட்டலம் வாங்கி வரச்சொல்லி, தண்ணீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்குகிற வரை கழுவினோம். பேட்டரி போனது போகட்டும். அந்தத் தட்டையும், பக்கத்தில் இன்ஜினையும் கேபினையும் பிரிக்கிற ஃபயர்வால் தகட்டையும் பார்த்து, ஓட்டை விழவில்லை என்று ஏ.எம்.இ. கையெழுத்துப் போடுவதற்குள் பத்து நாள் ஆகிவிட்டது.

இப்போது சூடு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற பேட்டரிக் குறிப்பெல்லாம் குளிரைப் பற்றியே இருக்கும். பனியில் இன்ஜின் சுற்றாது, ஆசிட் உறைந்துவிடும் என்று. நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு அக்னி நட்சத்திரம். வேலூரில் வெளியே 41, 42 டிகிரி என்றால், தகரக் கூரை போட்ட ஹேங்கருக்குள் என்ன இருக்கும்? என் கடையில் வீட்டு பேட்டரி மாற்ற வருகிறவர்களை நான் முதலில் கேட்பது, "பேட்டரி எங்கே வெச்சிருக்கீங்க?" என்றுதான். மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு அடியில் என்பவர் வருகிற வேகத்துக்கும், நிழலான பின்கட்டில் வைத்திருப்பவர் வருகிற வேகத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

சூட்டில் பேட்டரிக்குக் குறைந்த வோல்ட் போதும். ஒரு செல்லுக்கு, ஒரு டிகிரிக்கு 3 முதல் 4 மில்லிவோல்ட் வரை குறைக்கணும். 24 வோல்ட் பேட்டரியில் 12 செல். சார்ஜரில் போட்டிருக்கிற எண் 25 டிகிரிக்கானது. நம் ஹேங்கரில் 40 இருந்தால் 15 டிகிரி வித்தியாசம். பெருக்கிப் பாருங்க, அரை வோல்டுக்கு மேல் வரும். 26.8-இல் நிற்க வேண்டியது 26.2 பக்கம் நிற்கணும். அரை வோல்ட் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஒரு மணி நேரத்துக்கு இல்லை. இரண்டு மாதம், இராப்பகலாக என்றால் பெரிய விஷயம்தான். நல்ல சார்ஜர் இதைத் தானே செய்யும். அதற்கு டெம்பரேச்சர் சென்சார் இருக்கணும்.

அந்த சென்சார் எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வாங்குங்க. சிலவற்றில் சென்சார் தனி ஒயரில் வந்து பேட்டரி பக்கத்தில் உட்காரும். சிலவற்றில் சார்ஜர் டப்பாவுக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது வகையை வாங்கிவிட்டு, திருடு போகாமல் இருக்கட்டும் என்று ஏ.சி. போட்ட ஆபீஸ் ரூமில் சார்ஜரை வைத்து, நீளமாக ஒயர் இழுத்து விமானத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? சார்ஜர் 24 டிகிரி என்று நினைத்துக்கொண்டு, 42 டிகிரியில் வேகிற பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்து எங்கே மாட்டுவது. விமானத்தில் வெளிக் கரண்ட் கொடுக்கிற பிளக் இருந்தால் அதிலேயே செருகிவிடலாம் என்று எல்லாருக்கும் முதலில் தோன்றும். அது சரிப்படாது. அந்த வழியாகப் போகிற கரண்ட் பேட்டரிக்குப் போய்ச் சேர மாஸ்டர் கான்டாக்டர், அதாவது மாஸ்டர் ஸ்விட்ச் இயக்குகிற பெரிய ரிலே, மூடியிருக்கணும். அதை மூடி வைத்திருக்கவே ஓர் ஆம்ப் பக்கம் கரண்ட் வேணும். மெயின்டெய்னர் கொடுப்பதே அவ்வளவுதான். வருகிறதை எல்லாம் கான்டாக்டரே சாப்பிட்டுவிட்டால் பேட்டரிக்கு என்ன மிஞ்சும்? அதனால் பேட்டரி டெர்மினலிலிருந்தே நேராக ஒரு சின்ன இரட்டை ஒயர், டெர்மினலை ஒட்டியே ஒரு ஃபியூஸ், முனையில் தலைகீழாகச் செருக முடியாத பிளக், அதற்கு ஒரு மூடி. இதுதான் வழி.

ஆனால் தம்பி, அந்த ஒயரை நீங்களாகப் போட்டுவிடாதீங்க. அமெரிக்காவில் பைலட்டே பேட்டரியைக் கழற்றி மாட்டி சர்வீஸ் செய்யலாம், அங்கே சட்டத்திலேயே அந்த வேலை பட்டியலில் இருக்கிறது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் ஆட்களும் கிளம்பிவிடுகிறார்கள். இங்கே விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டி.ஜி.சி.ஏ. விதிப்படி கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் ஒப்புக்கொண்டு, லாக் புக்கில் ஏறின பிறகுதான் எதுவும். அதுவரைக்கும் பேட்டரியையே கழற்றி, பெஞ்சில் வைத்துச் சார்ஜ் போடுவது நல்லது. கழற்றி மாட்டுவதற்கும் அவர் கையெழுத்து வேணும். இரண்டு மாதம் நிற்கிற விமானத்துக்கு எனக்கு அதுதான் பிடித்த வழியும்கூட. நிழலில் இருக்கும், கண் முன்னால் இருக்கும், கடிகாரமும் இழுக்காது.

பாதுகாப்பு விஷயம் சுருக்கமாக. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே ஒரு பொறி போதும். அதனால் பேட்டரிப் பெட்டியின் வென்ட் குழாய் அடைபடாமல் இருக்கணும். குளவி கூடு கட்டியிருக்கும், பாருங்க. மாட்டும்போது முதலில் பேட்டரி பக்கம், பிறகு சுவர் ஸ்விட்ச். எடுக்கும்போது முதலில் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அப்புறம் பேட்டரி பக்கம். கையில் மோதிரம், கடிகாரம் வேண்டாம்.

கரண்ட் போய் வருவதையும் யோசிங்க. சில சார்ஜர்கள் கரண்ட் திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சிலவற்றில் பட்டனை மறுபடி அமுக்கினால்தான் வேலை செய்யும். அப்படிப்பட்டது, ராத்திரி ஒரு நிமிஷம் கரண்ட் போனால், அடுத்த இரண்டு மாதம் சும்மாவே கிடக்கும். மட்டமான சார்ஜராக இருந்தால், கரண்ட் இல்லாத நேரத்தில் பேட்டரியிலிருந்தே திருப்பி உறிஞ்சும். வாங்கினதும் ஸ்விட்சை அணைத்துப் போட்டு ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடுங்க, ஐந்து நிமிஷ வேலை.

இனி நான் முதலில் சொன்ன நாலாவது விஷயம். சார்ஜரில் பச்சை லைட் எரிகிறது, சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுகிறார்களே, அங்கேதான் தப்பு. பச்சை லைட்டுக்கு அர்த்தம் வோல்ட் ஏறிவிட்டது என்பது மட்டுமே. குடம் நிறைந்துவிட்டது என்று அது சொல்கிறது. அது குடமா, சொம்பா என்று அதற்குத் தெரியாது. பாதி பிளேட் போன பேட்டரி சீக்கிரமே நிறைந்து, சீக்கிரமே பச்சை காட்டும். ஓய்வில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தாலும் 25.2-க்கு மேல் அழகாகக் காட்டும். இன்ஜினைச் சுற்றுவது சில நொடி வேலை, அதையும் செய்துவிடும்.

பறக்கும்போது கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் வானத்தில் போனால்தான் வித்தியாசம் தெரியும். இன்ஜின் நிற்காது, தானே பொறியை உண்டாக்கிக் கொடுக்கிற மேக்னெட்டோ அதற்கு இருக்கிறது, பேட்டரியே வேண்டாம். ஆனால் ரேடியோ, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டுகிற டிரான்ஸ்பாண்டர், விளக்கு, செஸ்னாவில் இறக்கையின் பின்பக்கம் இறங்குகிற ஃபிளாப்கூட, எல்லாமே அந்த 14 ஆம்ப்-ஹவரை நம்பித்தான் இருக்கின்றன. அவசியமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டணும் என்பது பொதுவான கணக்கு. பேட்டரி சொம்பாகிவிட்டிருந்தால் எட்டு நிமிஷத்தில் ரேடியோ அணையும். தனியாகப் பறக்கிற பயிற்சி மாணவன் அதில் உட்கார்ந்திருப்பான்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி கெப்பாசிட்டி டெஸ்ட். நன்றாகச் சார்ஜ் ஏற்றி, ஓய்வு கொடுத்து, ஒரு மணி நேர அளவு, அதாவது ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற கரண்ட் எவ்வளவோ அந்தக் கரண்டை இழுக்கணும். உதாரணத்துக்கு, பேட்டரி மேல் ஒரு மணி நேர அளவு 13.6 என்று இருந்தால், 13.6 ஆம்ப் இழுத்துக்கொண்டே 20 வோல்ட் வருகிற வரை நேரம் பார்க்கணும். 60 நிமிஷம் ஓடினால் முழு பேட்டரி. 85 சதவீதம் வேணும் என்கிற தயாரிப்பாளருக்கு 51 நிமிஷம். 80 போதும் என்பவருக்கு 48. அதற்குக் கீழே போனால், தரையில் எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் அது விமானத்துக்கு ஆகாது. முறையான டெஸ்டுக்கு மெஷின் இருக்கிறது, அதில் செய்ததுதான் லாக் புக்கில் ஏறும். நான் என் திருப்திக்காக லாரி ஹெட்லைட் பல்ப் நாலைந்தை பலகையில் வரிசையாக மாட்டி, அம்மீட்டர் வைத்துப் பார்ப்பேன். 24 வோல்டில் ஒரு பல்ப் 3 ஆம்ப் பக்கம் இழுக்கும். கண்ணெதிரே பல்ப் மங்குகிறதைப் பார்த்தால், பச்சை லைட்டை நம்பின முதலாளிக்கும் புரிந்துவிடும்.

இன்னொன்று. டவுன் ஆன பேட்டரிக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து இன்ஜினைக் கிளப்பிவிட்டு, "போகும்போது ஆல்டர்னேட்டர் ஏத்திக்கும் சார்" என்பார்கள். காரில் செய்யுங்க, விமானத்தில் வேண்டாம். மொத்தமாக இறங்கின பேட்டரி ஆல்டர்னேட்டரிலிருந்து தாறுமாறாகக் கரண்டை இழுத்துச் சூடாகும். அந்த நேரத்தில் ஆல்டர்னேட்டர் போனால் கையில் ஒன்றுமே இருக்காது. இறக்கி, மெதுவாக ஏற்றி, கெப்பாசிட்டி பார்த்துவிட்டு மாட்டணும்.

ஆசிட் பேட்டரியாக இருந்தால் சார்ஜரை மாட்டிவிட்டு மறந்துவிட முடியாது. மாதம் ஒரு முறையாவது மூடியைத் திறந்து தண்ணீர் பார்க்கணும். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். நம் பக்கம் போர் தண்ணீரில் டீ போட்டாலே பாத்திரத்தில் வெள்ளை படிகிறது. பாலாற்றங்கரையில் தோல் ஷாப் தண்ணீர் கலந்த கிணறுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு தம்ளர் ஊற்றினால் போதும், பேட்டரி முடிந்தது. சார்ஜ் ஏறின பிறகுதான் தண்ணீர் விடணும். முன்னாடி விட்டால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து வழியும். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரில் 1.275-க்கு மேல் இருந்தால் நிறைவு, 1.240-க்குக் கீழே போனால் இறக்கம். சூட்டில் கொஞ்சம் குறைத்துக் காட்டும். ஆசிட் 40 டிகிரியில் இருந்தால் படித்ததோடு 0.010 சேர்த்துக்கொள்ளுங்க. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடத் தனியாகக் கீழே நின்றால், அதுதான் நோயாளி.

நிக்கல்-காட்மியம் பேட்டரி செஸ்னா 152-இல் வராது. ஆனால் நாளைக்கே வேறு இடத்துக்கு வேலைக்குப் போவீங்க, அதனால் ஒரு வார்த்தை. அதற்கு இந்த மெயின்டெய்னர் ஆகாது, அதன் வேதியியலே வேறு. ஏர்ஃபோர்ஸில் லெட் ஆசிட்டுக்கு ஒரு ரூம், நிக்கல்-காட்மியத்துக்கு வேறு ரூம். ஸ்பானர், ஹைட்ரோமீட்டர், ஏப்ரன்கூட இங்கேயிருந்து அங்கே போகக் கூடாது. ஆசிட் ஆவி பட்டாலே அந்தப் பேட்டரி கெடும். லித்தியம் வந்தால் அதற்கென்று சொன்ன சார்ஜர் மட்டும் போடணும். படிந்த சல்ஃபேட்டை உடைக்கிற பல்ஸ் வசதி உள்ள சார்ஜர் லெட் ஆசிட்டுக்கானது, லித்தியத்துக்கு மாட்டவே கூடாது.

கடைசியாக, விமானத்திலேயே ஒயர் போட்டு மாட்டி வைக்கிறதாக முடிவானால் ஒரு வேலை செய்யுங்க. சார்ஜரை மாட்டுகிற அன்றைக்கே விமானச் சாவியை எடுத்து அந்தச் சார்ஜர் மேலேயே மாட்டிவிடுங்க. ஒயரில் ஒரு முழம் சிவப்பு ரிப்பன் கட்டி, புரொப்பெல்லர் வரைக்கும் தொங்க விடுங்க. சாவி வேணும் என்றால் சார்ஜரிடம் வந்தாகணும். ஒயரோடு விமானத்தை வெளியே தள்ளி, பிளக் பிய்ந்து, டெர்மினல் வளைந்த ஒரு காலை வேளையை நான் பார்த்திருக்கிறேன். தள்ளின நாலு பேரும் அடுத்தவன் கழற்றியிருப்பான் என்றுதான் நினைத்திருந்தார்கள்.